அமாவாசைக்காரர்களின் நாற்காலி

போன மாதம் சரண்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள் அவள். ஏதாவது சிக்கல் என்றால்தான் கூப்பிடுவாள், நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. எடுத்தவுடன், "மேடம், அமாவாசையை எடுத்துட்டாங்க" என்றாள்.

வெளியாள் யாராவது கேட்டிருந்தால் பஞ்சாங்கத்தில் கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு உடனே புரிந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சித் திட்டங்களில் வேலை பார்ப்பவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்ல. முனைவர் பட்டம் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்க முடியாமல் விட்டவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. ஒரு பேராசிரியருக்கு ஒரு திட்டம் கிடைக்கும். அது ஓடுகிற வரைக்கும் அவரிடம் இவர்களுக்கு வேலை. ஒப்பந்தம் வருடத்துக்கு ஒன்று. அது முடிந்த மறுநாள் ஒருவரும் ஊழியர் கிடையாது. அதற்கும் மறுநாள் புது ஒப்பந்தம் தொடங்கும். நடுவில் விழுகிற அந்த ஒரு நாளுக்கு பிரேக் என்று பெயர். தொடர்ச்சியாக வேலை பார்த்தேன் என்று பிற்பாடு யாரும் உரிமை கேட்டு வந்துவிடக் கூடாதே என்று ஏதோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்த ஏற்பாடு. பிள்ளைகள் அதற்கு அமாவாசை என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எனக்கு வர்ற வியாழக்கிழமை அமாவாசை மேடம்" என்று சிரித்துக்கொண்டே வந்து அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பௌர்ணமிக்குப் பேர்போன திருவண்ணாமலையில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்த பிரேக்கைத்தான் இப்போது புதிய உத்தரவில் ரத்து செய்துவிட்டார்கள்.

"நல்லதுதானே?" என்றேன்.

"நல்லதுதான் மேடம். ஆனா நம்ம நாற்காலி? பிரேக் அன்னைக்குத்தான அவங்கள கூப்ட்டு ஒக்கார வெச்சுப் பேசுவோம். இனிமே எந்த நாள்ல கூப்புடுறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நாற்காலி எப்படி வந்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியவில்லை, எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டாள். எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால்தான் எனக்கும் யோசனை ஓடும்.

நான் விஞ்ஞானம் படித்தவள் அல்ல. பி.காம். படித்து, தட்டச்சு முடித்து, பணியமைப்புப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே விடுப்பு, ஊதிய உயர்வு, ஓய்வூதியம் என்று இருபது வருடத்துக்கு மேல் போனது. சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு துணைப் பதிவாளரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில், புதிதாக ஆரம்பித்த ஆராய்ச்சிப் பணியாளர் மேம்பாட்டுப் பிரிவுக்கு என்னைத் தூக்கிப் போட்டார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பழைய சகாக்கள் துக்கம் விசாரித்தார்கள். போய்ப் பார்த்தால் ஓர் அறை, ஒரு பீரோ, ஓர் இயக்குநர். இயக்குநரின் பெயர் சதாசிவம்.

அவர் வேதியியல் பேராசிரியராக இருந்து இந்தப் பொறுப்புக்கு வந்தவர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலையில் வந்ததும் தன் மேசையைத் தானே துணியால் துடைப்பார். உதவியாளர் ஓடி வந்தாலும் விடமாட்டார். யார் வந்தாலும் அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்காருவார். அவர் மனதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அடையாளம் மூக்குக் கண்ணாடி. ஒரு கோரிக்கையை மறுக்கப் போகிறார் என்றால் வாயைத் திறப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். மொத்த அலுவலகத்துக்கும் இது தெரியும். அவர் அறையிலிருந்து வெளியே வருகிறவரைப் பார்த்து, "கண்ணாடி மூக்குல இருந்துச்சா, மேசைல இருந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

முதல் வருடம் நாங்கள் என்ன செய்வதென்று தெரியாமல், எல்லோரும் செய்கிறதைச் செய்தோம். சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்து தன்விவரக் குறிப்பு தயாரிப்பது எப்படி, நேர்காணலில் எப்படிச் சிரிப்பது என்று வகுப்பு நடத்தினோம். மதியச் சாப்பாடு வரைக்கும் கூட்டம் இருந்தது. பிரியாணி முடிந்ததும் பாதிப் பேர் ஆய்வகத்துக்கு ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் தூங்கினார்கள். பயிற்சியாளர் எதையும் கவனிக்காமல் முடித்துவிட்டு, கிரிவலப் பாதைக்கு ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் சதாசிவம் சார் கேட்டார்: "ஏம்மா விஜயா, இவங்க ஏன் பாதியில ஓடுறாங்க?"

"ஓடலைனா அவங்க ப்ரொபசர் போன் பண்ணுவாரு சார். எங்க இருக்கன்னு கேப்பாரு."

"போன் பண்ண முடியாத நாள்னு ஒண்ணு இருக்கா?"

நான் யோசிக்காமல் சொன்னேன். "பிரேக் அன்னைக்குத்தான் சார். அன்னைக்கு அவங்க யாருகிட்டயும் வேலைல இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்ப நமக்கு அன்னைக்குத்தான் வேலை" என்றார்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. யாருக்கு என்றைக்கு பிரேக் என்பது எங்கள் பிரிவு வழியாகத்தான் போகும். முதல் நாளே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடுவோம்: நாளைக்கு வர விருப்பமிருந்தால் வா, கட்டாயமில்லை. வந்தால் ஒரு டீ. அதற்கென்று ஒரு முறையை அவர் வகுத்தார், அதை ஒரு நாளும் மாற்றவில்லை. அறையில் வருபவருக்கென்று ஒரே ஒரு நாற்காலி. முன்பு இரண்டு கிடந்தன. ஒரு தடவை ஒரு பேராசிரியர் தன்னுடைய பையனோடு தானும் வந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னார். அவர் போனதும் சார் எழுந்து, இரண்டாவது நாற்காலியைத் தன் கையாலேயே தூக்கிக் கொண்டுபோய் வராந்தாவில் போட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் எந்தப் பேராசிரியர் கூட வந்தாலும் நிற்க வேண்டியதுதான். நின்றுகொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? போய்விடுவார்கள்.

பிள்ளை உட்கார்ந்து டீ பாதி குடித்த பிறகு சார் ஒரு கேள்வி கேட்பார். "இந்த வேலை முடிஞ்சா, அடுத்து எங்க?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். நானும் பேசக் கூடாது, பேனாவைத் தொடக் கூடாது. அந்த மௌனத்தைத் தாங்குவது எனக்கு ரொம்ப நாள் பழகவில்லை. கூச்சத்தில் எதையாவது சொல்லி நிரப்பிவிடலாமா என்று வாய் துறுதுறுக்கும். ஆனால் அந்த மௌனத்துக்குப் பிறகு வருகிற பதில்தான் உண்மையான பதில் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இயற்பியல் துறையில் ஒரு பையன். ஐந்தாறு வருடமாக ஒரே கருவியைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தான். கேள்விக்கு அவன் முதலில் சொன்னது, ஜெர்மனி. கொஞ்ச நேரம் கழித்து, "ஜெர்மனி எங்க சார் சொன்னது சார். எனக்கு கடை வெக்கணும்" என்றான். பேராசிரியராக இருந்த ஒருவரிடம் இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! சார் கண்ணாடியைத் தொடவே இல்லை. என்ன கடை, எங்கே, முதல் யார் போடுவார் என்று கால் மணி நேரம் விசாரித்தார். இன்றைக்கு செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம் அவனுக்கு ஒரு காபிக் கடை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். என் வீடும் அந்தப் பக்கம்தான் என்பதால் எப்போதாவது போவேன். காசு வாங்க மாட்டேன் என்பான், நான் கொடுக்காமல் வரமாட்டேன். ஆண்டறிக்கையில் அவனை எந்தத் தலைப்பில் போடுவது என்று நான் கேட்டபோது, "அடுத்த இடத்துக்குப் போனவர்கள்" என்று போடச் சொன்னார் சார்.

கோமதி விஷயத்துக்கு வருகிறேன்.

கோமதி கீழ்பென்னாத்தூர்க்காரி. வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். அவள் முனைவர் பட்டம் வாங்கியதும் மல்லாட்டை வேரில் முடிச்சுப் போடுகிற நுண்ணுயிரிகளைப் பற்றித்தான். பட்டம் வாங்கிய பிறகும் பேராசிரியர் தனபாலிடமே திட்டத்துக்குத் திட்டம் தொத்திக்கொண்டு இருந்தாள். தனபால் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோமதியின் அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடவே உட்கார்ந்திருந்தவர் அவர். கட்டுரைகளில் அவள் பெயரை முதலில் போடுவார். "என் லேபுக்கு வலது கை" என்று மேடையிலேயே சொல்வார். வலது கையை யாராவது கழற்றிக் கொடுப்பார்களா?

கோமதி எங்கள் நாற்காலிக்கு வந்ததே இல்லை. அவளுக்கு அமாவாசை அன்றும் பின்பக்க கேட் வழியாக வந்து நிழல்வலைக் கூடாரத்துக்குள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பாள். ஆள் இல்லாத நாள் என்று மல்லாட்டைச் செடிக்குத் தெரியுமா என்பாள். அது நியாயம்தான், நாங்களும் கண்டுகொள்ளாமல் விட்டோம்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானாக வந்து நின்றாள். பிரேக் நாள் அல்ல, சாதாரண நாள்.

"மேடம், ஒரு டவுட்டு."

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நிரந்தர விஞ்ஞானி வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. நேர்காணலுக்கு அழைத்துவிட்டார்கள். நேர்காணல் அன்று வேலையில் இருப்பவர்கள் வேலை கொடுத்தவரிடம் ஆட்சேபமில்லை என்று சான்று வாங்கி வர வேண்டுமாம்.

"சார்கிட்ட கேளேன்மா. குடுக்க மாட்டாரா?"

"குடுப்பாரு மேடம். அதான் பயமா இருக்கு. குடுத்துட்டு மூஞ்சி தொங்கிடும். அதப் பாத்தா நான் போவ மாட்டேன்."

அவளுக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது. இந்த மாதிரி அறிவிப்பு அடுத்த தடவை வருவதற்குள் தாண்டிவிடும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் தெரியும். தேதியைக் கேட்டேன். காலண்டரைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, அன்னைக்கு ஒனக்கு அமாவாசை. நீ வேலைலயே இல்ல. யாருகிட்ட போயி சான்று வாங்குவ?"

அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. போகும்போது இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. கெடுத்தது எங்கள் ஊர்.

தனபாலின் திட்டத்தை மேற்கொண்டு நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று பார்க்க டில்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. திருவண்ணாமலைக்கு இப்படிப்பட்ட குழுக்கள் என்றைக்கு வரும் என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை, காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்தால் போதும். பகலில் மதிப்பீடு, சாயங்காலம் கிரிவலம். இந்தக் குழு மட்டும் ஏனோ தவறிப்போய் முந்தின வாரத்தில் தேதி கொடுத்திருந்தது. அதன் தலைவருக்கு யாரோ பௌர்ணமியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டார். தனபால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார், லாட்ஜில் அறைக்குச் சொல்லிவைத்தார், கோயிலில் தரிசனத்துக்குக்கூட ஆள் பிடித்துவிட்டார். அந்தப் பௌர்ணமிதான் கோமதியின் அமாவாசை என்பதை அவர் பார்க்கவில்லை. குழுவின் வசதிக்கு நாள் குறித்தே பழகிய எங்கள் ஆட்களுக்கு ஒப்பந்தம் முடிகிற நாள் கண்ணில் படாது.

கண்ணில் பட்டதும் நேரே எங்கள் அறைக்கு வந்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது, உட்கார்ந்தார். சதாசிவம் சாரும் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்ல சார், கோமதியோட பிரேக்கை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போட்டுருங்க. ரிவ்யூ அன்னைக்கு அவ இருந்தே ஆவணும்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக்கூட இல்லை, நேராக மேசையில் வைத்தார். நேர்காணல் விஷயம் சாருக்குத் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். தனபாலுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவள் கோமதி, நாங்கள் அல்ல.

"தள்ள முடியாது தனபால். ஒப்பந்தம் முடியற மறுநாள்தான் பிரேக். நாமளா இஷ்டத்துக்கு நகத்துனா தணிக்கைல கேப்பாங்க."

"இத்தன வருஷமா பிரேக் அன்னைக்கு அவ லேப்லதான சார் இருந்தா? யாரு கேட்டீங்க?"

"கேக்காம இருந்தது தப்பு. இப்ப கேக்குறோம்."

தனபாலின் முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கு அவ என் ஸ்டாஃப் இல்லனா, பின்ன யாரோட ஸ்டாஃபு?"

"யாரோட ஸ்டாஃபும் இல்ல. கீழ்பென்னாத்தூர்ப் பொண்ணு, அவ்வளவுதான். அவ விருப்பப்பட்டு வந்தா வேற. நீங்க வான்னு கூப்ட முடியாது."

தனபால் எழுந்தபோது நாற்காலி பின்னால் நகர்ந்து பீரோவில் இடித்தது. என்னைப் பார்த்து, "நல்லா மேம்படுத்துறீங்க மேடம். திட்டம் போச்சுனா அஞ்சு பேருக்கும் சேத்து மேம்படுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது என்றால் பொய். பயமாகத்தான் இருந்தது. அவர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. கோமதியைத் தவிர அந்தத் திட்டத்தில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். மதிப்பீடு சொதப்பினால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். மத்தியானத்தில் அவர் மேசை துடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் கோமதி வந்தாள். உட்காரச் சொன்னார் சார். டீ வந்தது, அவள் தொடவில்லை.

"நான் இன்டர்வியூவுக்குப் போவல சார். பிரேக்குனாலும் லேபுக்கு வந்துடுறேன். வழக்கமா வர்றதுதான."

சார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லோரிடமும் கேட்பதை இவளிடமும் கேட்டார்.

"இந்த வேலை முடிஞ்சா, அடுத்து எங்கம்மா?"

"இந்த வேலை முடியாது சார்" என்றாள் அவள். "ஒரு ப்ராஜெக்ட் முடிஞ்சா சார் இன்னொண்ணு வாங்குவாரு. அவரு இருக்கற வரைக்கும் எனக்கு வேலை இருக்கு."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சார் பேசாமல் இருந்தார். வெளியே தோட்டக்காரர் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஏதாவது சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து கோமதி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு ரிட்டயர்டு ஆயிட்டா, அப்ப எனக்கு வயசாயிருக்கும் சார். அப்ப என்னைய எங்கயும் எடுக்க மாட்டாங்க. நானும் அவரோட சேந்து ரிட்டயர்டு. ஆனா பென்ஷன் அவருக்கு மட்டுந்தான்."

அவளே இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள். போகிறாளா, இருக்கிறாளா என்று எங்களிடம் சொல்லவில்லை. சாரும் ஆள் அனுப்பிக் கேட்க விடவில்லை.

ஒப்பந்தத்தின் கடைசி நாள் மதியம் அடையாள அட்டை வாங்க நான் நிழல்வலைக்குப் போனேன். வழக்கமாக அவர்கள்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள், அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகரம் அதற்குள்ளாகவே பௌர்ணமிக்குத் தயாராகியிருந்தது. பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களுக்கு மாற்றியிருந்தார்கள், பல்கலைக்கழக வாசல் வரைக்கும் வண்டிகள் நின்றன.

வலைக்குள் தனபால் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோமதி கையில் சாவிக்கொத்து. மணி என்கிற உதவியாளன் அவள் பக்கத்தில் நின்றான். நான் வந்ததைப் பார்த்ததும் அவள் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். சாவிக்கொத்தை மணியிடம் கொடுத்தாள்.

"சார், நாளைக்கு நான் வரல."

தனபால் திரும்பினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் சன்னமாக வந்தது.

"நீ இல்லாம எப்படிம்மா?"

அந்தக் குரலைக் கேட்டால் யாரும் அசைந்துவிடுவார்கள், நானே அசைந்தேன். கோமதியின் கண் கலங்கிவிட்டது. அவ்வளவுதான், இவள் இனிமேல் போகமாட்டாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

"மணிக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துருக்கேன் சார். ஸ்லைடெல்லாம் ரெடி. கேள்வி கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்க, ஒங்களுக்குத் தெரியாததா?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு நாளைக்கு பெங்களூர்ல இன்டர்வியூ சார். பெர்மனென்ட்டு வேலை."

தனபால் ஒரு தொட்டியிலிருந்த காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். இன்னொன்றைக் கிள்ளினார். பிறகு அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"பஸ் கெடைக்குமா? பௌர்ணமி ஆச்சே."

கிடைத்தது. பெங்களூரிலிருந்து வந்தவர்களை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றி வர வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்றில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனாள். மொத்த ஊரும் திருவண்ணாமலைக்குள் வந்துகொண்டிருந்தபோது அவள் ஒருத்தி வெளியே போனாள்.

மறுநாள் மதிப்பீடு நடந்தது. தனபால் ஓர் இடத்தில் தடுமாறினார், மணி இரண்டு இடத்தில் தடுமாறினான். கேட்டதைவிடக் கம்மியான காலத்துக்குத் திட்டத்தை நீட்டித்தார்கள், யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குழுத் தலைவர் கிரிவலம் முடித்து மகிழ்ச்சியாக ஊருக்குப் போனார். கோமதி பிரேக் முடிந்து வந்து புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள், எதுவும் நடக்காதது போல் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். சில மாதம் கழித்து பெங்களூரிலிருந்து நியமன உத்தரவு வந்தது. தனபால் என்னோடு வெகுகாலம் பேசவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் சுவரில் இருக்கும் அறிவிப்புகளை உற்றுப் படிப்பார். அதில் எனக்கு வருத்தம் உண்டு. சார் ஓய்வு பெற்றார், பின்னால் நானும் ஓய்வு பெற்றேன். ஒற்றை நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது.

போன வாரம் கோமதி வந்திருந்தாள். மல்லாட்டை பிடுங்குகிற நேரம், ஊருக்கு வந்தவள் அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். இரண்டு கிலோ பச்சைக் கடலையை மேசைமேல் கொட்டினாள். இப்போது அவள் பெயரிலேயே ஆய்வகம் இருக்கிறது. திட்டப் பணியாளர்களும் இருக்கிறார்கள். பிரேக்கை ரத்து செய்துவிட்டதைச் சொன்னேன்.

"எங்க பக்கமும் பிரேக்க எடுக்குறாங்க மேடம். நல்லதுதான்" என்றாள். ஒரு கடலையை உரித்தாள். பிறகு, "ஒண்ணு சொல்லணும் மேடம், சிரிக்கக் கூடாது" என்றாள்.

அவளிடம் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி. போன மாதம் வந்து, எனக்கு ஒரு நேர்காணல் இருக்கிறது, ரெண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அந்த வாரம் ஆய்வகத்தில் முக்கியமான சோதனை ஓடிக்கொண்டிருந்தது.

"என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா மேடம்? 'நீ இல்லாம எப்படிம்மா'ன்னு கேட்டேன். அதே வார்த்த. கொரலு கூட அவரு கொரலுதான். கேட்டுட்டு அப்டியே நின்னுட்டேன். அந்தப் பொண்ணு கண்ணு கலங்குது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், பஸ் கெடைக்குமான்னு கேட்டேன்."

நான் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.

"நானே பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோயி ஏத்தி விட்டேன். திரும்பி வந்து வண்டில ஒக்காந்து அழுதேன். அவ போறாளேன்னு இல்ல மேடம். அவ நல்லா இருக்கட்டும். எனக்கு யாரு இருக்கான்னுதான் அழுதேன். தனபால் சாருக்கு அன்னைக்கு யாரு இருந்தா? அத நான் யோசிக்கவே இல்ல."

நானும் யோசித்ததில்லை. சதாசிவம் சார்கூட யோசித்தாரா என்று தெரியவில்லை. அவர் அந்த இரண்டாவது நாற்காலியை வராந்தாவுக்குத் தூக்கிப் போனது அந்த நேரத்துக்குச் சரிதான். ஆனால் போகிறவர்களுக்குத்தான் ஒரு நாளும் ஒரு டீயும் ஒரு கேள்வியும் வைத்தோம். விட்டுக் கொடுக்க வேண்டியவரை நிற்க வைத்தோம். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் சரண்யாவைக் கூப்பிட்டேன்.

"நாளப் பத்திக் கவலப்படாதம்மா. பிரேக்குதான் போயிடுச்சே, எந்த நாளும் சரிதான். ஆனா அந்த ரூம்ல இன்னொரு நாற்காலி போடு. வராந்தாவுல பழசு கெடக்கும், தேடிப் பாரு."

"ரெண்டாவது நாற்காலியா?" சரண்யாவுக்கு அதிர்ச்சி. அந்தப் பிரிவில் சேர்ந்தவுடன் அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் விதியே அதுதான். "அது யாருக்கு மேடம்?"

"மொத நாற்காலில ஒக்கார்ற புள்ள போயிட்டா அழப்போறவங்களுக்கு" என்றேன்.